பஸ்ஸுக்குப் பூசிய முந்திரிப் பிசின்

"அது தண்ணியில கரையற சாமானாச்சே பாப்பா. வண்டி ஓடையில எறங்குமே" என்றார் டிரைவர் மாமா.

"நாம தண்ணியவா அடைக்கப் போறோம்? எண்ணெயைத்தானே அடைக்கிறோம்" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் மாமாவும் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கையில் ஸ்பானரோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமை எனக்கு ஒரு வருஷத்துக்குச் சோறு போட்ட மாதிரி இருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. நாலாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன்.

விடுதித் தோழிகளே, நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஆளுக்கொரு சிறுவயது நினைவு எழுத வேண்டும் என்று முடிவானபோது, நீங்கள் என்னிடம் பஸ் கதைதான் கேட்டீர்கள். பிட்டர் மகள் ஆயிற்றே, சிரிக்கச் சிரிக்க எழுதுவாள் என்று நினைத்திருப்பீர்கள். சிரிப்பும் கொஞ்சம் உண்டு. முதல் பாதியோடு அது தீர்ந்துவிடும்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் இஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அரியலூரில் ஒரு முதலாளியின் பஸ் பட்டறையில் அவர்தான் பிட்டர். பட்டறை என்றால் நாலு பனைமரத் தூண், மேலே தகரம். பஸ் என்றால் ஒன்றே ஒன்று. அது என்னைவிட மூத்தது. காலையில் பெரம்பலூர் போகும், சாயங்காலம் திரும்பும்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய இரும்பு டிரம்மை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டுக் கொளுத்தி, அந்தப் புகையில்தான் இஞ்சின் ஓடியது. காலையில் அரை மணி நேரம் டிரம்மின் காற்றாடிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் வண்டி கிளம்பும். அப்பாவின் சட்டையில் எப்போதும் கரியும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அம்மாவுக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும் என்று அம்மாவிடம் சொன்னதில்லை.

அந்த மாசி மாதம்தான் ஒழுக்கு தொடங்கியது. இஞ்சினின் அடியில் எண்ணெய் தங்குவதற்கு ஒரு தகரத் தொட்டி உண்டு. ஆயில் சம்ப் என்பார்கள். அது இஞ்சினோடு சேருகிற விளிம்பில் எண்ணெய் கசியாமலிருக்கக் கார்க்கில் செய்த ஒரு பேக்கிங்கை வைத்து, சுற்றிலும் இருபது போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கும். அந்தக் கார்க் இற்றுப்போய்விட்டது. புதிது சீமையிலிருந்து வர வேண்டும். சண்டையில் கப்பல் எங்கே வருகிறது? இஞ்சின் ஆயிலுக்கோ தாலுகா ஆபீசில் பர்மிட் வாங்க வேண்டும். எண்ணெய் வற்றினால் இஞ்சின் உள்ளே உருகிவிடும். அப்புறம் பஸ்ஸே கிடையாது, அதை நம்பிய யாருக்கும் வேலையும் கிடையாது.

அப்பா முதலில் அட்டையில் பேக்கிங் வெட்டினார். ஜவுளிக் கடையில் கெஞ்சி வாங்கிய அட்டைப்பெட்டி. அட்டையைத் தொட்டியின் விளிம்பில் வைத்து, ஓரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். விளிம்பின் கூர் பட்டு அட்டை தானாக அந்த வடிவத்துக்கு அறுபட்டு வரும். கத்தரிக்கோலே வேண்டாம். அந்த டக்டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் வாய்ப்பாடு சொல்வேன். இரண்டும் ஒரே தாளத்தில் போகும்.

வெறும் அட்டை எண்ணெயைக் குடித்து ஊறி ஒழுகியது. மெழுகு தடவினார். இஞ்சின் சூட்டில் மெழுகு உருகி ஓடியது. பார் சோப்பை இழைத்துப் பூசினார். அன்றைக்கு பஸ் பெரம்பலூரிலிருந்து நுரை தள்ளிக்கொண்டு வந்தது. "வண்டிக்கு வாயில நொரை தள்ளுது பிட்டரே, வைத்தியர எறக்குவமா?" என்று டிரைவர் மாமா கேட்டார். விளிம்புதான் கோணியிருக்கிறது என்று தொட்டியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்து, அம்மாவின் துவைக்கிற கல்லில் கவிழ்த்து வைத்து அப்பா தட்டி நிமிர்த்தினார். ஒரு தட்டு தவறி விழுந்து தொட்டியின் அடியில் ஒரு குழி விழுந்தது. ஓட்டை இல்லை, நசுங்கல்தான். நானும் அம்மாவும் பக்கத்திலேயே இருந்தோம்.

"பஸ்ஸ சரி பண்றியோ இல்லியோ, எங் கல்லு போச்சு. எந்தத் துணிய வச்சாலும் கரி எண்ணெ" என்றாள் அம்மா.

"கல்லத் தொவைச்சுட்டுத் துணியத் தொவை" என்றார் அப்பா.

டிரைவர் மாமாவுக்கு ஊர் வரதராஜன்பேட்டை. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போய், பூசை பார்த்துவிட்டு வருவார். அவர் ஊர் முழுக்க முந்திரிக் காடு. என் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுவதற்காக, மரத்தில் வடிந்து உறைந்த பிசினைத் துண்டில் முடிந்து கொண்டுவருவார். தேன் நிறத்தில் கட்டி கட்டியாக இருக்கும். சிலதில் எறும்பு மாட்டிக்கொண்டிருக்கும். வெந்நீரில் ஊறப்போட்டால் பசை. ஒருநாள் அம்மா தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க் கிண்ணம் என் நோட்டின் மேல் கவிழ்ந்தது. காகிதமெல்லாம் ஊறியும் பிசின் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் பட்டறைக்கு ஓடினேன். பிசினை அட்டையின் இரண்டு பக்கமும் பூசி, காயவிட்டு, முடுக்கச் சொன்னேன். அப்போதுதான் டிரைவர் மாமா தண்ணீரைப் பற்றிக் கேட்டார். நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

பிசின் நின்றது. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பஸ்ஸுக்கு அடியில் வைத்திருந்த தகரத் தட்டைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "எம் பொண்ணு சொன்ன மருந்துங்க, படிச்ச புள்ள" என்பார். முதலாளி ஒருநாள் எனக்கு ஒரு பேனாக்கட்டையும் இரண்டு நிப்பும் வாங்கித் தந்தார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாகூட அந்தப் பேச்சைக் கொஞ்சநாள் எடுக்கவில்லை. நான் நடக்கிற நடையே மாறிப்போயிற்று என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உண்மைதான்.

பெரம்பலூர் போகிற வழியில் ஒரு காட்டோடை. பாலம் கிடையாது. பஸ் ஓடைக்குள் இறங்கி ஏற வேண்டும். கோடையில் வெறும் மணலும் கல்லும்தான். ஐப்பசி மழை பிடித்ததும் முழங்கால் அளவு தண்ணீர் ஓடத் தொடங்கியது. அந்த வாரமே பஸ் ஒழுகிக்கொண்டு வந்து நின்றது.

அப்பா தொட்டியைக் கழற்றி மறுபடி பிசின் பூசினார். நாலு நாள். மறுபடி ஒழுக்கு. மூன்றாவது முறை கழற்றியபோது நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொட்டியின் பின்பக்க விளிம்பில் பிசின் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. ஓடைத் தண்ணீர் நேராக வந்து மோதுகிற முன்பக்க விளிம்பில் அது வெளுத்து, கஞ்சி ஆடை மாதிரி வழவழத்தது. விரலால் தொட்டேன். நூல் நூலாக வந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அப்பா தலையைக் குனிந்து போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் முதலாளி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பிசின் ஆறு மாதம் நின்றிருக்கிறது. ஆகவே பிசினில் குறையில்லை. ஓடைக்குள் வண்டியை ஓட்டுகிற கையில்தான் குறை. "இன்னொரு தரம் ஒழுகுச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்க" என்று டிரைவர் மாமாவிடம் சொல்லியிருந்தார். மறு வாரம் ஒழுகியது.

அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. முதலாளி குடையோடு வந்து பட்டறைப் பெஞ்சில் உட்கார்ந்தார். கழற்றி வைத்த தொட்டி அவர் காலடியில் கிடந்தது.

"மெதுவாத்தான் முதலாளி எறக்குறேன். தண்ணி பட்டாத்தான் ஒழுவுது. அந்தப் பிசினு..." என்று டிரைவர் மாமா ஆரம்பித்தார்.

"தண்ணிக்கு அடியில கல்லு கெடக்குல்ல?" முதலாளி தொட்டியைச் செருப்புக் காலால் புரட்டினார். "இது என்னாப்பா இந்த நசுங்கல்? இதுவும் தண்ணி பட்டு நசுங்குனதா?"

அப்பாவின் சுத்தியல் போட்ட குழி அது. டிரைவர் மாமாவுக்கு அது தெரியாது. அவர் குனிந்து ஆச்சரியத்தோடு அதைத் தடவிப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வேஸ்ட்டுத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீதானே கண்டுபிடிச்ச. அது தண்ணியில கரையுமா?"

தோழிகளே, எத்தனையோ முறை அதே பிசினை நானே வெந்நீரில் கரைத்திருக்கிறேன். அவர் கேட்டபோது என் விரலில் அந்த வழவழப்பு இன்னும் இருப்பதுபோல் இருந்தது.

"ஊறப்போடறப்பத்தாங்க கரையும். காஞ்சதுக்கப்புறம் கரையாது" என்றேன்.

டிரைவர் மாமா என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். பஸ்ஸில் ஏறத் தெரியாமல் தடுமாறுகிற குழந்தையை, ஏறட்டும் என்று காத்திருந்து பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"என்னாப்பா பிட்டரு?" என்றார் முதலாளி.

"காஞ்சா கல்லு மாதிரி நிக்குங்க" என்றார் அப்பா, கையைத் துடைத்தபடியே.

"எம் பொண்ண கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல விட்ருக்கேன் முதலாளி. மூணாவது. இந்த வருசம் முடியற வரைக்குமாவது ஓட்ட விடுங்க" என்றார் டிரைவர் மாமா.

"இஞ்சின் போச்சுன்னா அத நீயா வாங்கித் தருவ?" என்று முதலாளி எழுந்துவிட்டார். குடையை விரித்தவர் திரும்பி அப்பாவிடம், "இந்தப் பொண்ண நிறுத்தாம படிக்க வைப்பா. கெட்டிக்காரி. பெரிய பள்ளிக்கூடத்துக்கு நான் சொல்லி எழுதறேன்" என்றார். சொன்னபடி செய்தார். நான் இன்று உங்களோடு இந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் உட்கார்ந்திருப்பதற்குத் தொடக்கம் அந்த மழை நாள்தான்.

டிரைவர் மாமா ஆணியில் தொங்கிய தன் காக்கிச் சட்டையை எடுத்து மடித்தார். "வரேன் பிட்டரே." அப்பா தலையை ஆட்டினார். மாமா என்னிடம், "நல்லாப் படி பாப்பா" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று பல வருஷம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. குத்திப் பேச அவருக்குத் தெரியாது.

மறுநாள் அப்பா ஒரு தச்சரிடம் போய்ச் சபேதா வாங்கிவந்தார். மரத்துக்குப் பூசுகிற அந்த வெள்ளைப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, புது அட்டையில் தடவித் தொட்டியை முடுக்கினார்.

"ஏம்ப்பா, பிசின் வேணாமா?" என்று கேட்டேன்.

"தீந்து போச்சு" என்றார்.

தீரவில்லை. பரண்மேல் அரைச் சட்டி இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

புது டிரைவர் அதே ஓடையில், அதே தண்ணீரில் பஸ்ஸை இறக்கினார். கார்த்திகையில் தண்ணீர் இன்னும் ஏறியது. ஒழுக்கு இல்லை. "பாத்தியா, ஆள மாத்தினேன், நின்னு போச்சு" என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். பெரம்பலூரில் சொன்னார், ஜெயங்கொண்டத்தில் மற்ற பஸ் முதலாளிகளிடமும் சொன்னார். சம்ப்பை நசுக்கினவன் என்ற பெயர் டிரைவர் மாமாவுக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு யாரும் அவரிடம் வண்டியைத் தரவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நம் விடுதியில் வரதராஜன்பேட்டைக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவள் படிக்கும்போது முகம் சிவக்கும், மன்னிக்கட்டும். சென்ற வருஷம் மாவு பிசைந்துகொண்டே தன் தெருவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பு பஸ் ஓட்டிய ஒருவர் இப்போது முந்திரிக் காட்டுக்குக் காவல் இருக்கிறாராம். அவர் மகளை மூன்றாம் வகுப்பின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்களாம். முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாளாம். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கிடக்குமாம். ஆனாலும் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவள்தான் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுவாளாம். நான் தண்ணீர் குடிப்பதுபோல் எழுந்து போய்விட்டேன். உங்களுக்கு நினைவிருக்காது.

பொங்கல் லீவில் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் நேராகவே கேட்டேன். அவர் இன்னும் அதே பட்டறையில்தான் வேலை பார்க்கிறார். பஸ் மட்டும் மூன்றாகிவிட்டது.

"பிசின் கரைஞ்சது உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவர் கீழே உட்கார்ந்தார். பிறகு, "மூணாந்தரம் கழட்டுனப்ப பாத்தேன். நீ பாவாடையில தொடைச்சியே, அதையும் பாத்தேன்" என்றார்.

"ஏன் சொல்லல?"

"நம்மள்ல படிச்சது நீ ஒருத்திதான். முதலாளி முன்னால உஞ்சொல்லு பொய்யாப் போவக் கூடாதுன்னு நெனச்சேன்." எழுந்துகொண்டே, "அந்த நசுங்கலும் இருந்துச்சுல்ல" என்றார்.

அவர் மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் ஊருக்குப் போயிருந்தேன். முடியவில்லை. இத்தனை வருஷம் நான் ஒரு பொய் சொன்ன குழந்தை என்று மட்டும் நினைத்து என்னை மன்னித்து வைத்திருந்தேன். என் பொய்க்கு ஒரு பெரியவர் தன் பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார், அதன் மேல் நின்றுதான் நான் படித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பெரிய வீட்டு வாசலில் நின்று, நசுங்கலை மட்டும் விட்டுவிட்டு, முழுவதையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "அட, நீ ஒருத்தி. சின்னப் புள்ளையில நடந்தது. அவன் இந்நேரம் மறந்திருப்பான். டீச்சராகி வா, ஊருக்குப் பெருமை" என்றார். உள்ளே திரும்பி எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அந்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஓட்ட ஒரு பஸ்ஸை இனி டிரைவர் மாமாவுக்கு என்னால் வாங்கித்தர முடியாது. போன வருஷங்களையும் அந்தப் பெண்ணுக்குத் திருப்பித்தர முடியாது. ஆனால் வண்டியை நசுக்கினது அவர் இல்லை என்பதை அவர் தெருவாவது காதால் கேட்க வேண்டும். அதற்காக உறைக்குள் வைக்காமல் தபால் அட்டையிலேயே எழுதினேன். அட்டை என்றால் தபால்காரர் படிப்பார், வாங்கிக் கொடுக்கிறவர் படிப்பார், கடைசியில் அவள் எல்லோருக்கும் நடுவில் வாசிப்பாள். பிசின் என் யோசனை, அது கரைந்ததை நான் கண்ணால் பார்த்தேன், கேட்டபோது பொய் சொன்னேன், நசுங்கல் பஸ் ஓடையில் பட்டு விழுந்தது இல்லை, பட்டறையில் தட்டும்போது விழுந்தது என்று எழுதினேன். கீழே என் பெயரையும் ஊரையும் முழுதாகப் போட்டேன். அப்பாவின் கை என்று எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவர். இந்தக் கையெழுத்துப் பத்திரிகையில் மட்டும் அதை எழுதுகிறேன், எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சரி என்றார்.

மூன்றாம் வகுப்பின் பாதியோடு நின்றவள் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் கொட்டை கொட்டையாக, பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல் வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு எழுதினேன். ஒரு அட்டை போதவில்லை. மூன்று அட்டை ஆயிற்று. வரிசை மாறிவிடாதபடி மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, செவ்வாய்க்கிழமை காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்பே, மூன்றையும் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.